ஒழுக்கத்தின் பெயரால் எதுவரை எட்டிப் பார்க்கலாம்?

‘ஒழுக்கம்’ என்று மேடையில் சொன்னால் கைத்தட்டல் கிடைக்கும். ‘அந்தரங்கம்’ என்று சொன்னால், “மறைக்கிற அளவுக்கு அப்படி என்ன இருக்கிறது?” என்ற கேள்விதான் திரும்பி வரும். நம் சமூகத்தில் இந்த இரண்டு சொற்களும் எதிரெதிர் அணியில் நிற்பவை போலவே பேசப்படுகின்றன.

இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு நான் சொற்போர்ப் பயிற்சி அளித்து வருகிறேன். அண்மையில், ‘பொது ஒழுக்கத்தைக் காக்கத் தனிமனித அந்தரங்கத்தில் தலையிடலாம்’ என்ற தலைப்பைக் கொடுத்தேன். எட்டு மாணவர்களில் ஏழு பேர் ‘தலையிடலாம்’ என்ற அணியையே கேட்டார்கள். எதிரணியில் நிற்பதென்றால் ஒழுக்கக்கேட்டுக்கு வாதாடுவது என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. “நல்ல பிள்ளைகள் எப்படி டீச்சர் அந்தப் பக்கம் பேசுவது?” என்று படிவம் நான்கு மாணவி ஒருவர் கேட்டார்.

இது அந்த மாணவியின் கேள்வி மட்டுமல்ல. அனைத்துலக மனித உரிமைச் சட்டமும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இதைத்தான் கேட்டு வருகிறது. ஒழுக்கம் மதிக்கத்தக்க ஒரு காரணம் என்று அந்தச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆனால், அந்தச் சொல்லைச் சொன்னவுடன் எல்லாக் கதவுகளும் திறந்துவிடுவதில்லை. உள்ளே நுழைய விரும்புகிறவர்தான் காரணம் காட்ட வேண்டும். கதவைச் சாத்தி வைத்திருப்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கைப்பேசியும் கையுமாக வாழும் நம் இளையோர் இந்த ஒரு பாடத்தை இப்போதே கற்றாக வேண்டும் என்பது என் கருத்து.

சாசனங்கள் சொல்வது என்ன?

1948 டிசம்பர் 10ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுப் பேரவை அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதன் 12ஆவது பிரிவு, ஒருவரின் அந்தரங்கம், குடும்பம், வீடு, கடிதப் போக்குவரத்து ஆகியவற்றில் யாரும் தம் விருப்பம்போல் தலையிடக் கூடாது என்கிறது. அதே பிரகடனத்தின் 29ஆவது பிரிவு, சனநாயகச் சமுதாயத்தின் ஒழுக்கம், பொது ஒழுங்கு, பொதுநலன் ஆகியவற்றுக்காகச் சட்டத்தின் மூலம் உரிமைகளுக்கு வரம்பு விதிக்கலாம் என்கிறது. ஆக, ஒழுக்கமும் அந்தரங்கமும் ஒரே ஆவணத்தில்தான் பிறந்தன.

1966இல் உருவான குடிசார், அரசியல் உரிமைகளுக்கான அனைத்துலக ஒப்பந்தம் இன்னும் நுட்பமானது. நடமாடும் உரிமை, சமய உரிமை, பேச்சுரிமை, கூடும் உரிமை போன்ற பல இடங்களில் ‘பொது ஒழுக்கம்’ என்பதை வரம்பு விதிப்பதற்கான காரணங்களுள் ஒன்றாக அது வெளிப்படையாகப் பட்டியலிடுகிறது. தனியுரிமையைப் பேசும் 17ஆவது பிரிவில் மட்டும் அப்படியொரு பட்டியல் இல்லை. தன்னிச்சையான தலையீடும் சட்டத்துக்குப் புறம்பான தலையீடும் கூடாது என்று அது நிறுத்திக்கொள்கிறது. இதனால் தனியுரிமை எல்லையற்றதாகிவிடாது. ஆனால், சட்டம் இருக்கிறது என்பது மட்டும் போதாது, அந்தத் தலையீடு நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1988இல் விளக்கம் அளித்தது.

மலேசியா இந்த 1966 ஒப்பந்தத்தில் சேரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால், குழந்தைகள் உரிமைச் சாசனத்தில் நம் நாடு 1995இல் சேர்ந்தது. அதன் 16ஆவது பிரிவு, எந்தக் குழந்தையின் அந்தரங்கத்திலும் குடும்பத்திலும் வீட்டிலும் கடிதத் தொடர்பிலும் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்கிறது. அதன் மானத்தையும் நற்பெயரையும் தாக்கக் கூடாது என்கிறது. அந்தச் சாசனம் ‘குழந்தை’ என்று குறிப்பிடுவது 18 வயதுக்குட்பட்ட அனைவரையும். எஸ்.பி.எம். எழுதப்போகும் மாணவரும் அதில் அடங்குவார். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஒழுக்கம் வென்ற வழக்கும் தோற்ற வழக்கும்

இந்தச் சொற்கள் நீதிமன்றத்தில் எப்படி எடைபோடப்படுகின்றன என்பதற்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் இரண்டு வழக்குகளை மாணவர்களுக்குச் சொல்வது என் வழக்கம்.

முதலாவது, 1976இல் தீர்ப்பளிக்கப்பட்ட ஹேண்டிசைட் வழக்கு. டென்மார்க்கில் எழுதப்பட்ட பள்ளி மாணவர்களுக்கான ஒரு சிறு சிவப்புப் புத்தகத்தை லண்டன் பதிப்பாளர் ஒருவர் ஆங்கிலத்தில் வெளியிட முனைந்தார். அதில் பாலியல் பற்றிய பகுதியும் இருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் கைக்கும் போகக்கூடிய புத்தகம் என்பதால் பிரிட்டிஷ் அதிகாரிகள் அதைப் பறிமுதல் செய்தார்கள். ஐரோப்பா முழுமைக்கும் பொதுவான ஓர் ஒழுக்க அளவுகோல் இல்லை, அந்தந்த நாட்டு அதிகாரிகளுக்கு இதில் ஓரளவு முடிவெடுக்கும் உரிமை உண்டு என்று கூறி, நீதிமன்றம் பிரிட்டன் பக்கம் தீர்ப்பளித்தது. இங்கே ஒழுக்கம் வென்றது.

இரண்டாவது, 1981இல் தீர்ப்பளிக்கப்பட்ட டட்ஜன் வழக்கு. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்தவர் ஜெஃப்ரி டட்ஜன். 1976 ஜனவரியில் போதைப்பொருள் தேடுவதாக வாரண்ட்டுடன் அவருடைய வீட்டுக்குப் போலீசார் வந்தார்கள். அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் எடுத்துச் சென்றார்கள். காவல் நிலையத்தில் பல மணி நேரம் அவருடைய தன்பாலின வாழ்க்கையைப் பற்றி விசாரித்தார்கள். ஓராண்டுக்கும் மேலான பிறகு, வழக்குத் தொடுப்பதில்லை என்று முடிவாகி, காகிதங்கள் அவரிடம் திரும்பி வந்தன. அவற்றின்மேல் யாரோ குறிப்புகள் எழுதி வைத்திருந்தார்கள்.

அந்தக் குறிப்புகளை நினைத்துப் பாருங்கள். உங்கள் நாட்குறிப்பை அந்நியர் ஒருவர் எடுத்துப் படித்து, ஓரத்தில் தம் பேனாவால் கோடு போட்டுத் திருப்பித் தருகிறார். குற்றம் எதுவும் சாட்டப்படவில்லை. ஆனாலும் ஏதோ ஒன்று பறிபோய்விட்டது. அதற்குப் பெயர்தான் தனியுரிமை.

ஒருபால் உறவைப் பற்றி இந்தக் கட்டுரையைப் படிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருக்கலாம். சமயம் சார்ந்த கருத்தாகவும் அது இருக்கலாம். நீதிமன்றம் அந்தக் கருத்தைக் கைவிடச் சொல்லவில்லை. வளர்ந்த இருவர் தம் சம்மதத்தோடு தனிமையில் செய்வதைக் கேட்டு மற்றவர்கள் அதிர்ச்சி அடைகிறார்கள் என்பது மட்டுமே அவர்களைக் குற்றவாளிகளாக்கப் போதுமான காரணமாகுமா என்றுதான் கேட்டது. ஆகாது என்று 15 நீதிபதிகள் சொன்னார்கள். 4 பேர் மாறுபட்டார்கள். இங்கே ஒழுக்கம் என்ற காரணம் தோற்றது.

ஒரே நீதிமன்றம், ஐந்தே ஆண்டு இடைவெளி. தீர்ப்புகள் ஏன் மாறின? முதல் வழக்கில் பொருள் கடைக்கு வருகிறது, பிள்ளைகளின் கைக்குப் போகிறது. இரண்டாவதில் வளர்ந்தவர் ஒருவரின் வீட்டுக்குள், அவருடைய நாட்குறிப்புக்குள் அரசு நுழைகிறது. பொது இடத்திலிருந்து தனி இடத்துக்குப் போகப்போக, ஒழுக்கம் என்ற காரணத்தின் வலு குறைகிறது. காரணம் காட்டும் பொறுப்பு கூடுகிறது. இந்த விதியை நம் நாட்டுக்கும் பொருத்திப் பார்க்கலாம். 2003இல் கே.எல்.சி.சி. பூங்காவில் கட்டிப்பிடித்து முத்தமிட்டதாக ஓர் இளம் இணையர்மீது மாநகராண்மைக் கழகத்தின் பூங்கா விதிகளின்கீழ் குற்றம் சாட்டப்பட்டது. அந்த விதி செல்லும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. அது பொதுப் பூங்கா. எழுத்தில் ஒரு விதி இருந்தது, குற்றம் சாட்டப்பட்டவர்கள் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வாய்ப்பு இருந்தது. தீர்ப்பை ஏற்பவரும் ஏற்காதவரும் இந்த வரம்புகளை ஒப்புக்கொள்வார்கள்.

“எங்கள் ஒழுக்கம், எங்கள் விஷயம்”

“ஒழுக்கம் ஒவ்வொரு நாட்டுக்கும் வேறுபடும். வெளியாருக்கு இதில் என்ன வேலை?” என்ற கேள்வி இங்கு எழும். 1994இல் ஐ.நா. மனித உரிமைக் குழுவின் முன்னும் இதே வாதம் வந்தது. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியா மாநிலச் சட்டத்தை எதிர்த்து நிக்கலஸ் டூனன் என்பவர் தொடுத்த முறையீடு அது. ஒழுக்கம் முழுக்க முழுக்க உள்நாட்டு விவகாரம் என்பதைக் குழு ஏற்கவில்லை. அப்படி ஏற்றால், ‘ஒழுக்கம்’ என்ற முத்திரையைக் குத்தி எந்தச் சட்டத்தையும் கேள்விக்கு அப்பாற்பட்டதாக்கிவிடலாம் என்பது அதன் கவலை. இன்னொன்றையும் குழு கவனித்தது. அந்தச் சட்டத்தைத் தாஸ்மேனியா நடைமுறையில் பயன்படுத்தவே இல்லை. பயன்படுத்தாமலேயே ஒழுக்கம் காக்கப்பட்டதென்றால், அந்தச் சட்டம் ஒழுக்கத்துக்கு இன்றியமையாததாக எப்படி இருக்க முடியும்? 1997இல் தாஸ்மேனியா அதை நீக்கியது.

பல இனங்களும் சமயங்களும் சேர்ந்து வாழும் நமக்கு அதைவிட முக்கியமான விளக்கம் ஒன்று 1993இல் வந்தது. ஒழுக்கம் என்ற கருத்து பல சமூக, தத்துவ, சமய மரபுகளிலிருந்து பிறக்கிறது; ஆகவே, ஒழுக்கத்தைக் காப்பதற்காக விதிக்கும் கட்டுப்பாடு ஒரே ஒரு மரபிலிருந்து மட்டும் எடுக்கப்பட்டதாக இருக்கக் கூடாது என்று அதே குழு சொன்னது. சிறுபான்மையினராக வாழும் நமக்கு இதன் அருமை எளிதில் புரிய வேண்டும். நம்மைவிட எண்ணிக்கையில் பெரியவர்களின் ஒழுக்கம் நம் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று எதிர்பார்க்கிறோம். அதே நியாயத்தை, நம் சமூகத்துக்குள்ளேயே நம்மைவிட மாறுபட்டு வாழ்பவர்களுக்கும் நாம் கொடுக்கத்தான் வேண்டும்.

நம் நாட்டுச் சட்டமும் ஒரு தமிழ் வார இதழும்

நம் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தில் ‘ஒழுக்கம்’ என்ற சொல் இருக்கிறது. 10ஆவது பிரிவு பேச்சுரிமைக்கும் சங்கம் அமைக்கும் உரிமைக்கும் அந்த அடிப்படையில் வரம்பு விதிக்க இடமளிக்கிறது. தனியுரிமைக்கென்று ஒரு தனிப் பிரிவு அதில் இல்லை. ஆனால், 5ஆவது பிரிவு கூறும் தனிமனிதச் சுதந்திரத்துக்குள் தனியுரிமையும் அடங்கும் என்று 2010இல் சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் குறிப்பிட்டது. சுஹாகாம் என்னும் மலேசிய மனித உரிமை ஆணையத்தை அமைத்த 1999ஆம் ஆண்டுச் சட்டமும், அரசியலமைப்புக்கு முரண்படாத அளவில் 1948 பிரகடனத்தைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது.

நம் நீதிமன்றங்கள் இந்தியத் தீர்ப்புகளையும் எடுத்துப் பார்ப்பதுண்டு. அவற்றுள் ஒன்றுக்குக் காரணமாக இருந்தது ஒரு தமிழ் வார இதழ். மரண தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை ‘நக்கீரன்’ வெளியிட முனைந்தபோது அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994இல் இந்திய உச்ச நீதிமன்றம் இரண்டு பக்கமும் பேசியது. அதிகாரிகள் தங்களுக்கு அவப்பெயர் வரும் என்று வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது என்றது. அதே சமயம், ஒவ்வொருவருக்கும் தம்மைத் தொந்தரவின்றி இருக்க விடும்படி கேட்கும் உரிமை உண்டு என்றது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடலாம். ஆனால், பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணின் பெயரை வெளியிட்டு அவரை மேலும் இழிவுபடுத்தக் கூடாது, பொதுநாகரிகம் அதை அனுமதிக்காது என்றும் சொன்னது.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். இங்கே பொது ஒழுக்கம் அந்தரங்கத்தை உடைக்க வரவில்லை, அதைக் காக்க வந்திருக்கிறது. இது நமக்கு அந்நியமான சிந்தனையும் அன்று. திருக்குறளின் 19ஆவது அதிகாரம் புறங்கூறாமை. பிறரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் இழித்துப் பேசாதிருப்பதை வள்ளுவர் அறத்துப்பாலில்தான் வைத்தார். பிறர் குறைகளைத் துருவித் தேடுவதை இஸ்லாமிய மரபும் கண்டிக்கிறது. அந்தரங்கத்தை மதிப்பது ஒழுக்கத்தின் ஒரு பகுதி என்பதில் நம் மரபுகள் ஒத்துப்போகின்றன.

கையில் இருக்கும் கேமரா

மனித உரிமைச் சட்டம் முதலில் அரசாங்கத்தை நோக்கித்தான் பேசுகிறது. ஆனால், இன்று நம் பிள்ளைகளின் அந்தரங்கத்துக்குள் முதலில் நுழைவது பெரும்பாலும் அரசாங்கம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் கைப்பேசிதான்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவி பேரங்காடி ஒன்றில் ஒரு பையனுடன் அமர்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரோ படம் எடுத்து, ‘நம் பண்பாடு எங்கே போகிறது?’ என்ற வரியோடு குடியிருப்பாளர் புலனக் குழுவில் போட்டார். மாலைக்குள் அது மூன்று, நான்கு குழுக்களைச் சுற்றி அவருடைய அம்மாவின் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது. இரண்டு வாரம் அந்தப் பிள்ளை பயிற்சிக்கு வரவில்லை. படத்தில் இருந்தவர்கள் இருவர். பேச்செல்லாம் அந்தப் பெண்ணைப் பற்றித்தான்.

பிறகு சிலர், “அந்தப் பையன் அவளுடைய மாமா மகனாம், பாவம்” என்று பரிந்து பேசினார்கள். எனக்கு அந்தப் பரிவிலும் உடன்பாடில்லை. அவன் யாராக இருந்தாலும், அந்தப் படத்தை எடுத்துச் சுற்றுக்கு விட யாருக்கும் உரிமை வந்துவிடாது. அந்தப் பிள்ளையைப் பற்றி உண்மையிலேயே அக்கறை கொண்டவர் என்றால், பெற்றோரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். இருநூறு பேரைச் சாட்சிக்கு அழைத்திருக்க மாட்டார்.

இத்தகைய செயலைத் தடுக்க நம் சட்டத்தில் போதிய வலு நெடுங்காலம் இருக்கவில்லை. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கானது. கூட்டரசு, மாநில அரசாங்கங்களை அது கட்டுப்படுத்தாது, புலனக் குழுவில் படம் போடும் அண்டை வீட்டாரையும் தொடாது. 2024 ஜூலையில் நம் சமூகத்தைச் சேர்ந்த ஓர் இளம்பெண் டிக்டாக்கில் தொடர்ந்து இழிவுபடுத்தப்பட்ட பின் உயிரிழந்தது நாட்டையே உலுக்கியது. அவ்வழக்கில் ஒருவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 100 ரிங்கிட். அன்றைய சட்டத்தில் இருந்த இடைவெளி அந்த ஒரு தொகையிலேயே தெரிந்தது. அதன் பிறகுதான் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. 2025 ஜூலை முதல், ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு அவருடைய அடையாள விவரங்களைப் பரப்புவதும் தண்டனைக்குரிய குற்றம். வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனாலும், ‘பண்பாட்டைக் காக்கிறேன்’ என்ற நினைப்போடு அனுப்பப்படும் படத்தைச் சட்டம் மட்டும் தடுத்துவிடாது.

இரண்டு மறுப்புகள்

“அந்தரங்கம் என்று விட்டுவிட்டால் வீட்டுக்குள் நடக்கும் கொடுமைகளை யார் கேட்பது?” என்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கும் ஒரு வழக்கு பதில் சொல்கிறது. நெதர்லாந்தில், மனவளர்ச்சி குன்றிய 16 வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானாள். அவளால் புகார் செய்ய இயலவில்லை. அவளுடைய தந்தை செய்த புகாரைச் சட்டம் ஏற்கவில்லை. 1985இல் ஐரோப்பிய நீதிமன்றம், அவளைக் காக்கத் தவறியதன் மூலம் நெதர்லாந்து அவளுடைய தனிவாழ்வுக்கான உரிமையையே மீறிவிட்டது என்றது. தனியுரிமை கொடுமைக்காரனின் கேடயம் இல்லை. ஒருவருக்குத் தீங்கு நேரும் இடத்தில் அரசு நுழைய வேண்டும் என்று அந்த உரிமையே கேட்கிறது. தீங்கு வேறு, நமக்குப் பிடிக்காதது வேறு.

“அப்படியென்றால் பெற்றோரும் ஆசிரியரும் கண்டிக்கவே கூடாதா?” என்பது அடுத்த கேள்வி. கண்டிக்கலாம். குழந்தைகள் உரிமைச் சாசனமே பெற்றோரின் வழிகாட்டலை மதிக்கிறது. பிள்ளையின் வளரும் திறனுக்கு ஏற்ப அது அமைய வேண்டும் என்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளையின் கைப்பேசியை அம்மா பார்ப்பதும் பதினேழு வயது மகளின் கைப்பேசியை அவள் தூங்கும்போது திறந்து படிப்பதும் ஒன்றாகிவிடாது. பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்ற விதியை மீறினால் கட்டொழுங்கு ஆசிரியர் அதைப் பறிமுதல் செய்யலாம். விதி அதற்காகத்தான் இருக்கிறது. அதைத் திறந்து மாணவரின் செய்திகளைப் படிப்பதற்கு வேறொரு காரணம் வேண்டும். யாருக்காவது ஆபத்து என்ற வலுவான காரணம் வேண்டும்.

நன்னெறிப் பாடத்தில் ஒரு பக்கம்

நம் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் நன்னெறிக் கல்வி பயில்கிறார்கள். அன்பு, மரியாதை, பொறுப்பு என்று நெறிகளை மனப்பாடம் செய்கிறார்கள். குழந்தைகள் உரிமைச் சாசனத்தின் 16ஆவது பிரிவையும் அந்தப் பாடத்தில் ஒரு பக்கமாவது விரிவாகக் கற்பிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். தமிழ்ப்பள்ளிகளும் இளைஞர் அமைப்புகளும் பாடத்திட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு சனிக்கிழமைக் காலை போதும்.

கற்பிக்க வேண்டியதும் கடினமானதில்லை. நீதிமன்றங்கள் அரசாங்கங்களிடம் கேட்கும் மூன்று கேள்விகளை நமக்கும் பொருந்தும்படி மாற்றிக்கொள்ளலாம். இதைச் செய்ய எனக்கு அதிகாரம் உண்டா? இதைச் செய்யாவிட்டால் யாருக்காவது உண்மையில் தீங்கு வருமா? தீங்கைத் தடுக்க இதைவிடச் சிறிய, அமைதியான வழி இல்லையா? ஒரு படத்தை அடுத்த குழுவுக்கு அனுப்பும் முன் இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான படங்கள் முதல் கேள்வியிலேயே நின்றுவிடும்.

அன்புக்குரிய மாணவர்களே, அடுத்த முறை இப்படியொரு தலைப்பு உங்கள் கைக்கு வந்தால் எதிரணியில் நிற்கத் தயங்காதீர்கள். பிறர் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பது நல்ல பிள்ளைகளின் பழக்கம்தான். அதை எடுத்துச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.